பஸ் வந்தும் யாரும் ஏறாத ஞாயிறு

போர் முடிந்து, பாலம் கடந்து ஊருக்குத் திரும்பிய கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தலைமன்னாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: திரும்பி வந்த பிறகு உங்களுக்கு மிகச் சந்தோஷமான நாள் எது?

வீட்டுக்குக் கூரை போட்ட நாளைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து முற்றத்தில் நாலு தரம் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அது ஒரு வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது.

என் கையெழுத்துத்தான் முதல்

பின்னேரம் மூன்று மணி இருக்கும். நண்டுக் கொம்பனியில் நாங்கள் அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள், வெள்ளைத் தொப்பியும் முழங்கால் வரை சப்பாத்துமாக, நீண்ட தகட்டு மேசைகளுக்கு முன்னால் நின்று அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தோம். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப் போயிருக்கும். ஓடு குத்திய இடம் வீட்டுக்குப் போய்த் தேசிக்காய் தேய்க்கும்போதுதான் எரியும்.

மனேச்சர் நெல்சன் உள்ளே வந்து, இரைந்துகொண்டிருந்த மோட்டரை நிறுத்தச் சொன்னார். நீர்கொழும்புப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் போலக் கத்தோலிக்கர். அவருடைய வாகனக் கண்ணாடியில் செபமாலை தொங்கும். கெட்டவர் இல்லை. யாராவது தலை சுற்றுகிறது என்றால் தன் கதிரையையே எடுத்துக் கொடுப்பார்.

வெளிநாட்டிலிருந்து நிறைய நண்டு கேட்டிருப்பதாகவும், இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தொடக்கம் வேலை நடக்கும் என்றும் சொன்னார். கட்டாயம் இல்லை, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்றார். பிறகு என்னிடம் ஒரு தாளைத் தந்து, வருகிறவர்களின் பெயரையும் கையெழுத்தையும் எடுத்துத் தரச் சொன்னார். அப்போது நான் இரண்டு மேசைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். கழுத்தில் என் படம் போட்ட அட்டை. 'மெற்றில்டா, மேற்பார்வையாளர்' என்று மூன்று பாஷையிலும் எழுதியிருக்கும். அதைக் கழற்றாமலே வீட்டுக்குப் போவேன், வழியில் நாலு பேர் பார்க்கட்டும் என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் முதல் கையெழுத்தை வைத்தவள் நான்தான். மேற்பார்வையாளர் போடாவிட்டால் எப்படி என்று நினைத்தேன். அட்டை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

கடலும் சும்மா கிடந்த நாள்

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாளுக்காக இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள்.

எங்கள் ஊரில் முன்பு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கோயில் மணி அடித்தால் வள்ளம் இறக்கக்கூடாது. மறுநாள் பின்னேர மணி வரைக்கும் கடல் வெறுமையாகக் கிடக்கும். என் ஐயா அன்றைக்குக் கிழிந்த வலையைக்கூடத் தொடமாட்டார். கை துருதுருக்கும், தொடமாட்டார். பூசை முடிந்து வந்தால் வெள்ளைச் சாரம் உடுத்து வீடு வீடாகப் போய்வருவார். ஊரில் உள்ள சண்டைகள் தீர்ந்ததும் ஞாயிறில்தான். சண்டை பிடித்த இரண்டு பேரும் கரையில் நிற்கும் ஒரே நாள் அதுதானே.

அந்த நாளில் எல்லாரும் ஒரே அளவு. வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டியும் கரையில், கூலிக்குப் போகிறவனும் கரையில். எட்டு வள்ளம் வைத்திருந்தவனுக்கும் அன்றைக்கு ஒரு மீன் கிடையாது. ஒரு நாளாவது பேராசைக்கு வேலி போட்டு வைத்திருந்தார்கள் எங்கள் ஆட்கள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பலகாரம் கிடைக்கும் நாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு போர் வந்து இடம்பெயர்ந்தோம். ஒவ்வொரு ஊராக ஓடி, கடைசியில் முள்வேலிக்குள் ஒரு கூடாரத்தில் வந்து நின்றோம். அங்கே தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூசுக்கும் வரிசை. எல்லா நாளும் ஒன்றுதான். ஒருமுறை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடாரத்துக்குப் பின்னால் சேர்ந்து, ஞாயிறு என்று நினைத்துச் செபமாலை சொல்லிப் பாட்டும் பாடினோம். வெளியிலிருந்து பார்க்க வந்த ஒரு கன்னியாஸ்திரி, இன்றைக்குத் திங்கட்கிழமை அல்லவா என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகை! வீடு போனபோதுகூட அப்படி அழவில்லை. ஞாயிறு எங்களைக் கடந்து போயிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, கூரை இல்லாத கோயிலில், தலையில் வெயில் சுடச்சுட நின்று பூசை கண்டபோது, காணியையும் கிணற்றையும்விட இந்த நாள்தான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்று எனக்குப் பட்டது. மீனவர் சங்கத்து ஆண்கள் பழைய கட்டுப்பாட்டையும் திரும்பப் போட்டார்கள். சனிக்கிழமை மணி அடித்தது. படகுகள் கரை ஏறின.

அவசரம் வந்து சேர்ந்தது

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக வந்தது. கார்ப்பெட் றோட்டு வந்தது, கரண்ட் வந்தது, ஆளுக்கொரு போன் வந்தது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் தருகிறோம் என்று கழுத்துப்பட்டி கட்டிய பெடியன்கள் வாசலுக்கே வந்தார்கள். நண்டுக் கொம்பனியும் வந்தது.

நான் அதற்கெல்லாம் எதிரி இல்லை. சொந்தப் பெயரில் ஒரு வேலை என்பது எனக்கு அந்தக் கொம்பனி தந்ததுதான். என்னோடு நின்றவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் உழைக்க ஆண் இல்லை. அந்த வேலை இல்லாவிட்டால் அவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்வேன், என்னைப் பழைய ஆள் என்று சொன்னாலும் பரவாயில்லை. மனிதருக்காக வேலையா, வேலைக்காக மனிதரா என்ற கேள்வியைக் கேட்க ஒரு நாள் வேண்டும். ஏழு நாளும் ஓடுகிற இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் இராது. எங்கள் வேதம் ஓய்வுநாளைக் கட்டளையாகவே வைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். புத்திமதியாக மட்டும் சொல்லியிருந்தால் முதலாளியும் கேட்கமாட்டான், நாங்களும் கேட்கமாட்டோம்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து பங்குச் சுவாமியிடம் போனேன். இளம் ஆள், வெளிநாட்டில் படித்தவர், எங்களுக்காக ஓடித் திரிகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் பூசை வைத்துவிடலாம், அது ஞாயிறுப் பூசைக் கடமைக்குச் செல்லும், பாவமில்லை, தைரியமாக வேலைக்குப் போங்கள் என்றார்.

எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் வீட்டுக்கு நடந்து வரும்போது எதையோ கோயிலில் மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

சாப்பாட்டு நேரத்துப் பேச்சு

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். சுவாமி சொன்னதையும் சொன்னேன். ஏழெட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். முகத்தில் சந்தோஷம் இல்லை, வைத்தார்கள்.

தாள் காமாட்சியிடம் போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம், அடம்பனிலிருந்து கொம்பனி பஸ்ஸில் வருகிறவள். மலைநாட்டில் பிறந்து, கலவரத்தில் துரத்தப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பம். சைவக்காரி. என் வயதுதான், நாற்பத்தைந்துக்குக் கிட்ட. அதிகம் பேசமாட்டாள்.

அவள் தாளைப் பார்த்தாள், பேனையைக் கீழே வைத்தாள். "நீங்க போட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல ஆறு நாளும் பேர் போட்டு வேலை செய்வாங்க. ஞாயித்துக்கெழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கக் கூப்புடுவாங்க. விருப்பம் இருந்தா வாங்கன்னுதான் சொல்லுவாங்க. போகாட்டி மத்த நாள்ல மொகங்குடுத்துப் பேசமாட்டாங்க. அம்மா செத்த அன்னிக்குத்தான் முழுசா ஒரு நாள் வீட்டுல படுத்திருந்தாங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அடுத்த மேசையிலும் சாப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"உங்களுக்குச் சாமி குடுத்த நாளுன்னு ஒண்ணு இருக்கு" என்றாள். "எங்களுக்கு அது இல்ல. உங்க நாளு நிக்கிறதாலதான் எங்களுக்கும் லீவு. நீங்களே விட்டுட்டா நாங்க எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

பக்கத்தில் பரீதா இருந்தாள். எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தோடு சின்னப் பிள்ளையாகத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள். அவர்கள் வீட்டில் நண்டே சேர்ப்பதில்லை. ஆனால் எங்கள் எல்லாரையும்விட வேகமாக உடைப்பாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "இண்டைக்கு ஞாயிறுக்கு விருப்பம் எண்டு கேக்கிறாங்க. நாளைக்குப் பெருநாளைக்கும் அப்பிடித்தான் கேப்பாங்க, அக்கா."

எனக்கு முகம் சூடேறியது. வெட்கம்தான். ஓய்வுநாள் பற்றிய மூன்றாம் கட்டளையைச் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்னவள் நான். அதன் அர்த்தத்தை ஒரு சைவக்காரியும் ஒரு முஸ்லிம் பெண்ணும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடமை என்றால் ஒரு மணித்தியாலப் பூசையோடு முடியும். நாள் என்பது வேறு. நாள் எல்லாருக்கும் பொது.

பேனையை எடுத்தேன். என் பெயரை வெட்டினேன். தாளை அடுத்தவளிடம் கொடுத்தேன். அவள் தன்னுடையதை வெட்டினாள். அந்தத் தாள் மேசையைச் சுற்றி வந்தபோது எனக்குத் திருநாளில் கொடி ஏறுவதைப் பார்க்கிறதுபோல இருந்தது. வெட்டிய பெயர்களோடு அதை மனேச்சரிடம் கொடுத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஞாயிறு பஸ் வரும், நீங்கள் யோசியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குள் ஒரு சண்டை

அந்தக் கிழமையே ஆண்களின் சங்கம் கூடியது. ஞாயிறும் நண்டு எடுப்போம் என்று கொம்பனி சொன்னதும், கட்டுப்பாட்டைத் தளர்த்துவோம், விரும்பியவர்கள் போகலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கை உயர்த்தியவர்களில் என் கணவர் சவிரிமுத்துவும் ஒருவர்.

நான் கேட்டதற்கு, புதுப் படகு சும்மா கிடக்குமா, மற்றவன் போனால் நான் பார்த்துக்கொண்டிருக்கவா என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன், ஒருவன் போனால் எல்லாரும் போகவேண்டி வரும் என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. சனிக்கிழமை மணி அடித்தது. ஐந்து படகுகள் இறங்கின. மணிச் சத்தத்துக்கு மேலால் எஞ்சின் சத்தம் போனது. அவருடைய படகு மூன்றாவது.

சுவாமி கோயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பெயரை வெட்டிய கதை அவர் காதுக்கும் போயிருந்தது. அன்றைக்குச் சனிப் பூசை என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, அதை நிறுத்திவிட்டேன் என்றார். "அக்கா, நான் கடமையைப் பற்றித்தான் யோசிச்சனான். நாளைப் பற்றி யோசிக்கேல்லை."

ஹோர்ன் சத்தம்

ஞாயிறு காலை ஆறரைக்குக் கொம்பனி பஸ் வந்தது. நாங்கள் பூசைக்கு உடுத்துக்கொண்டு றோட்டோரத்திலேயே நின்றோம், ஒளிக்க எங்களுக்கு என்ன இருக்கிறது? டிரைவர் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு தரம் அடித்தார். றோட்டில் நின்ற இரண்டு கழுதைகள் மட்டும் விலகி வழிவிட்டன. அதைப் பார்த்து ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லாருக்கும். பயத்தில் வந்த சிரிப்புத்தான்.  ஆனாலும் அப்படி நான் சிரித்துப் பல வருஷம்.

பஸ் வெறுமையாகத் திரும்பியது. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அது வெறுமையாகத்தான் வந்தது என்று பிறகு அறிந்தோம். காமாட்சியும் அவளுடைய ஊர்ப் பெண்கள் ஒன்பது பேரும் சந்தியில் நின்று, டிரைவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பரீதாவின் ஊரிலும் ஒருத்திகூட ஏறவில்லை.

பூசைக்கு நடுவில் கரையில் எஞ்சின் சத்தம் கேட்டது. படகுகள் வந்துவிட்டன. ஆனால் உடைக்க ஆள் இல்லாததால் நண்டு எடுக்கும் லொறியைக் கொம்பனி அனுப்பவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், ஐந்து படகுக்காரரும் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கோயில் முற்றத்தில் நிற்கிறார்கள். என் மனுசன் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் மனேச்சரின் வாகனம் வந்து நின்றது.  அவர் நேராக என்னிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"அக்கா, நானும் வேதக்காரன்தான். எனக்கு மேல ஆக்கள் இருக்கு. அவங்க கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஞாயிறு எண்டு சொல்லுங்கோ" என்றேன். "நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு பஸ்ஸை விடுங்கோ. ஒராள் மிச்சமில்லாமல் வருவம். இண்டைக்கு மட்டும் கேக்காதேங்கோ."

 நான் ஏன் கேட்டேனோ தெரியாது, வீட்டுக்குப் போய் எவ்வளவு காலம் என்று கேட்டேன். நாலு மாதம் என்றார். மூத்த மகளுக்குக் கோயிலில் முதல்நன்மை கொடுத்த ஞாயிறும் இங்கேதான் நின்றதாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாகனச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் சவிரிமுத்து வாய் திறந்தார். "நண்டு கிடக்குது. பழுதாகப் போகுது. எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்கோவன்."

எவ்வளவு காலம் எங்கள் பிள்ளைகள் நல்ல நண்டு சாப்பிட்டு! பெரியது எல்லாம் கொம்பனிக்குப் போகும், கால் ஒடிந்தது வீட்டுக்கு வரும். அன்றைக்குக் கோயில் முற்றத்தில் மூன்று அடுப்பு மூட்டினார்கள். சமைத்தது ஆண்கள். யாரோ ஓடிப்போய் முருங்கையிலை உருவிக்கொண்டு வந்தார்கள், யாரோ தேங்காய் துருவினார்கள். மிளகாய்த்தூள் காரத்தில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகியது. நெல்சன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆண்களோடு பாயில் இருந்து, கையால் ஓட்டை உடைத்துச் சாப்பிட்டார். எங்களைவிட மோசமாக உடைத்தார். சுவாமியின் வெள்ளை அங்கியில் குழம்பு பட்டது. நான் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன், ஏன் ஓடுகிறேன் என்று தெரியாமலே.

பிறகு நடந்தது

திங்கள் காலை ஐந்து மணிக்கு ஒருத்தி மிச்சமில்லாமல் போனோம். பின்னேரத்துக்குள் மேசையில் உடைக்காத ஒரு நண்டுகூட இல்லை.

ஆனால் கொம்பனி அப்படியே விட்டுவிடவில்லை. அந்தக் கிழமை என் அட்டையை வாங்கிக்கொண்டு, திரும்ப உடைக்கிற மேசைக்கு அனுப்பினார்கள். நெல்சன் அதை என் முகம் பார்த்துச் சொல்லக் கஷ்டப்பட்டார். எனக்கும் வலித்தது, வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். கழுத்து வெறுமையாக இருந்தது. இரண்டு கிழமை ஞாயிறு பஸ் வந்து ஹோர்ன் அடித்துப் பார்த்தது. மூன்றாம் கிழமை வரவில்லை. ஞாயிறு வேலை என்ற பேச்சை அதற்குப் பிறகு கொம்பனியில் ஒருவரும் எடுக்கவில்லை. சங்கத்து ஆண்கள் தாங்களாகவே கூடிக் கட்டுப்பாட்டைத் திரும்பப் போட்டார்கள். அதை முன்மொழிந்தது யார் என்று என் மனுசன் என்னிடம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, பத்து மணிபோல வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். காமாட்சி. அடம்பனிலிருந்து சாதாரண பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒரு பை நிறையப் பயற்றங்காய். கொம்பனி உடுப்பில்லாமல் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தரம். நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கதிரையைக் காற்றுப் படுகிற பக்கம் இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவள் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவ எழுந்தாள், நான் வாங்கி வைத்தேன். பயற்றங்காயை ஒடிக்கப் பார்த்தாள், அதையும் வாங்கி வைத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இப்ப என்ன செய்யணும் அக்கா?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றேன்.

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால், கதிரையிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விரலை வாயில் வைத்து அவர்களைப் போகச் சொன்னேன்.

நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் நான் அவளை எழுப்பவில்லை.